மேட்டைக் காத்த கரை

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் விலங்குகளின் ஊர் ஒன்று இருந்தது. அதன் பெயர் கழிமுகப்பட்டினம். ஊரில் பாதி மணல்மேடு. அங்கே மான்களும் முயல்களும் முள்ளம்பன்றிகளும் வாழ்ந்தன. மறுபாதி சேறும் கோரையும் நிறைந்த பள்ளம். அங்கே கானாங்கோழிகளும் நண்டுகளும் ஆமைகளும் குடியிருந்தன.

மழைக்காலத்தில் ஆறு பெருகி ஊருக்குள் வருவது வழக்கம். முன்பெல்லாம் வெள்ளம் மேட்டடியிலும் பள்ளத்திலும் பரவும். எல்லார் வாசலையும் கொஞ்சம் நனைத்துவிட்டு வடிந்துபோகும். ஆனால் காலம் மாறிவிட்டது. கடல்மட்டம் ஏறியது. மழையும் கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டியது. வந்த தண்ணீர் போக வழி தெரியாமல் ஊரிலேயே தேங்கி நின்றது.

ஊர்த் தலைவர் ஒரு வெளிமான். பெயர் திருமேனி. அது கூரன் என்ற முள்ளம்பன்றியை அழைத்தது. மண்வேலையில் கூரனை மிஞ்ச அந்த ஊரில் ஆள் இல்லை.

"அடுத்த மழைக்குள் நம் மேட்டைச் சுற்றி ஒரு கரை எழுப்ப வேண்டும். முடியுமா?" என்று திருமேனி கேட்டது.

"முடியும் தலைவரே. ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றது கூரன்.

கூரன் ஆற்றோரம் போய் வறண்ட குட்டை ஒன்றில் சின்னதாய் மேடும் பள்ளமும் செய்தது. மேட்டைச் சுற்றிக் குட்டிக் கரை எழுப்பி, ஆற்றுநீரை வெட்டிவிட்டது. தண்ணீர் கரையில் மோதியது. பிறகு திரும்பி, இருந்த வேகம் முழுவதோடும் பள்ளத்தில் பாய்ந்தது. கூரன் மறுபடியும் செய்து பார்த்தது. மறுபடியும் அப்படியேதான் நடந்தது.

கூரன் ஓடிப்போய்த் திருமேனியிடம் சொன்னது. "தலைவரே, கரை கட்டினால் மேடு நனையாது. ஆனால் மேட்டுக்கு வர வேண்டிய தண்ணீரும் சேர்ந்து பள்ளத்துக்குப் போய்விடும். அங்கே ஒரு கூடுகூட மிஞ்சாது."

திருமேனி சுற்றுமுற்றும் பார்த்தது.

"இதை வேறு யாரிடமாவது சொன்னாயா?"

"இல்லை."

"சொல்லாதே. சொன்னால் பள்ளத்துக்காரர்கள் மண் சுமக்க வரமாட்டார்கள். அவர்கள் வராமல் கரை எழும்பாது." திருமேனி குரலைத் தாழ்த்தியது. "மேட்டு உச்சியில், தாழம்புதருக்குப் பக்கத்தில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. வளை தோண்ட உனக்கு அங்கே இடம் தருகிறேன்."

அந்த இடத்தின் மேல் கூரனுக்கு நெடுநாளாகவே ஒரு கண். அது பதில் பேசவில்லை. திருமேனிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஊர்க்கூட்டம் கூடியது. கரையைப் பற்றித் திருமேனி நீளமாகப் பேசியது. எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது பள்ளத்திலிருந்து வந்த வெள்ளாயி என்ற கானாங்கோழி எழுந்து நின்றது.

"கூரண்ணா, ஒன்று கேட்கிறேன். மேட்டில் ஏறாத தண்ணீர் எங்கே போகும்?"

திருமேனி கூரனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கடலுக்குத்தான் போகும் தங்கச்சி. வேறெங்கே போகப் போகிறது?" என்றது கூரன்.

முயல்கள் சிரித்தன. வெள்ளாயியும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டது.

வேலை தொடங்கியது. மேட்டுக்காரர்கள் மண் தோண்டினார்கள். பள்ளத்துக்காரர்கள் சுமந்தார்கள். கரைக்கு ஊன்றுகோல் வேண்டுமென்று ஆற்றோரத்து அலையாத்தி மரங்களை வெட்டினார்கள். வெள்ளாயி நாள் முழுக்க அலகில் சேறு கொண்டுவந்து கரையில் பூசியது. முட்டை வைத்திருந்த நாட்களிலும் அது வராமல் இருக்கவில்லை. "ஊர் வேலை ஆயிற்றே" என்றது. அது வரும்போதெல்லாம் கூரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

ஐப்பசியில் புயல் வந்தது. நண்பகலில் வானம் இருண்டது. ஆறு பொங்கி வந்தது. கடலும் எதிரே எழும்பி ஆற்றை உள்ளே தள்ளியது. தண்ணீர் கரையில் மோதிப் பார்த்தது. கரை அசையவில்லை. வெள்ளம் அப்படியே திரும்பிப் பள்ளத்துக்குள் பாய்ந்தது. அதைத் தடுத்து நிறுத்த அலையாத்திகளும் இல்லை.

கூரன் உச்சியில் தன் புதிய வளையின் வாசலில் நின்றிருந்தது. கோரைப்புல் மூழ்குவதைப் பார்த்தது. கூடுகள் மிதந்து போவதைப் பார்த்தது. நண்டு வளைகளின் மேல் சேறு மூடியதைப் பார்த்தது. அதன் கால்கள் காய்ந்த மணலில் இருந்தன.

மழை ஓய்ந்தபோது பள்ளத்தில் உயிர் தப்பியவர்கள் மேட்டில் ஏறி வந்தார்கள். வெள்ளாயியும் வந்தது. அதன் இறக்கைக்குள் ஒரே ஒரு குஞ்சு இருந்தது. மற்றவற்றை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

"வாருங்கள், வாருங்கள். இந்த மேடு எல்லாருக்கும் சொந்தம்" என்றது திருமேனி.

வெள்ளாயி நடுங்கியபடியே கூரனிடம் வந்தது. "அண்ணா, நீங்கள் கட்டிய கரையால்தான் இந்த மேடாவது மிஞ்சியது. என் பிள்ளை ஒன்று பிழைத்தது. நீங்கள் நல்லா இருக்கணும்" என்றது.

அது தன்னைத் திட்டியிருந்தால் கூரனால் தாங்கியிருக்க முடியும். வாழ்த்தைத் தாங்க முடியவில்லை. அதற்குப்பின் கிழங்கு ஒன்றும் அதற்குத் தொண்டையில் இறங்கவில்லை. வளைக்குள் போனாலும் அந்தக் குரல் கூடவே வந்தது. வெளியே வந்தால் எல்லாரும் வணங்கினார்கள். அந்த வணக்கம் அதன் மேல் சேறு வாரி இறைத்தது போல இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் கூரனுக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. திருமேனி அடம்புக்கொடியில் பூ வைத்துக் கட்டிய மாலையைப் போட்டது. "ஊரைக் காத்த கூரன்!" என்று எல்லாரும் சொன்னார்கள்.

கூரன் மாலையைக் கழற்றிக் கீழே வைத்தது.

"நான் ஊரைக் காக்கவில்லை. மேட்டை மட்டும்தான் காத்தேன். தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும் என்று கரை கட்டும் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தே பொய் சொன்னேன். அதற்குக் கூலியாக உச்சியில் இடம் வாங்கினேன்."

திருமேனி அவசரமாக எழுந்தது. "பாவம், களைப்பில் ஏதோ உளறுகிறான்" என்றது. யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

வெள்ளாயி மெல்ல முன்னே வந்தது.

"நான் அன்றைக்குக் கேட்டபோதே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் மண் சுமந்தேனே, அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்களா?"

கூரனின் முட்கள் எல்லாம் படிந்துபோயின. "பார்த்தேன்" என்றது.

வெள்ளாயி குஞ்சை அழைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றது.

ஒரு முயல் தலைகுனிந்து சொன்னது: "எங்களுக்கும் அப்போதே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. எங்கள் வீடு நனையாது என்றதும் கேட்காமல் இருந்துவிட்டோம். சிரிக்கவும் செய்தோம்." மேட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் திருமேனியின் கொம்புகளும் தாழ்ந்தன.

அதன்பின் ஊர் மறுபடியும் திட்டம் போட்டது. இந்தமுறை பள்ளத்துக்காரர்கள் முதலில் பேசினார்கள். அவர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் கிடைக்கும்வரை யாரும் மண்ணைத் தொடவில்லை. கரையை இரண்டு இடத்தில் வெட்டித் திறந்தார்கள். திருமேனி மேய்ந்துகொண்டிருந்த புல்வெளி வழியாக வெள்ளம் கடலுக்குப் போகக் கால்வாய் தோண்டினார்கள். மரம் வெட்டிய இடமெல்லாம் அலையாத்திக் கன்றுகளை நட்டார்கள். மழைக்காலத்தில் பள்ளத்துக்காரர்கள் தங்க மேட்டு உச்சி ஒதுக்கப்பட்டது. கூரன் தன் வளையை முதல் ஆளாகக் காலி செய்துவிட்டு, கரையடியில் ஈரமான இடத்துக்குக் குடிபோனது.

அடுத்த வெள்ளம் எல்லார் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் வந்தது. முயல்கள் நனைந்தன. திருமேனியின் புல் அழுகியது. கூரனின் வளையில் கழுத்தளவு தண்ணீர் ஏறியது. ஆனால் யாருடைய பிள்ளையும் ஆற்றோடு போகவில்லை.

உச்சியில் வெள்ளாயி புதிதாகப் பொரித்த குஞ்சுகளோடு இருந்தது. கூரன் வழியில் எதிர்ப்பட்டால் அது பேசுவதில்லை. கூரனும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. ஒதுங்கி நின்று வழிவிடும்.

தன் வீடு நனையாமலிருக்க அடுத்தவர் வீட்டுக்கு வெள்ளத்தைத் திருப்பிவிடுவது ஊரைக் காக்கும் திட்டம் ஆகாது. அதைத் தெரிந்தே மறைத்தவர் பிறகு என்ன செய்தாலும் அந்த வெட்கம் அவரை விட்டுப் போகாது.