புங்க மரத்தடியில் ஒரு முழம்

சடையன் இறந்த மூன்றாம் நாள் மாசிலாமணி குருவிடம் வந்தான். மறுநாள் சடையனின் அம்மா மடத்துக்கு வருவதாக இருந்தது. அவளிடம் என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். மடத்தில் அன்று மௌன நாள். விளக்கு வைக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. சீடர்கள் இருவரும் மலைச்சரிவில் கைவண்டியில் விறகு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சடையன் வண்டிமேல் நின்று அடுக்கினான். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல் நழுவியது. மேலே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த மாசிலாமணி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். பிடிக்க முடியவில்லை. சரிவு முடியும் இடத்தில் பள்ளம்.

"ஒரு முழம், சாமி. அவன் கையை நீட்டினான். இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருந்தா பிடிச்சிருப்பேன்."

குரு ஆறுதல் சொல்லும் ரகமல்ல. மடத்தில் மிச்சமிருந்த ஒரே வண்டியைச் சரிவுக்குக் கொண்டுவரச் சொன்னார். அன்று நின்ற இடத்தில் அவனை நிற்க வைத்துவிட்டு, முட்டுக் கல்லை எடுத்தார்.

"ஓடு."

வண்டி முதலில் ஊர்ந்தது. மாசிலாமணி அழுதுகொண்டே ஓடினான். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. புங்க மரத்தடியில் ஒரு முழம்தான் பாக்கி. பிறகு வண்டி மெல்ல விலகியது, அப்புறம் வெகுவாக விலகியது, கடைசியில் பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது. குரு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மரத்தடிக்கு இறங்கி வந்தார்.

"இங்க வர்றவரைக்கும் யாருக்கு வேகம் அதிகம்?"

"எனக்கு."

"தாண்டினதும்?"

"வண்டிக்கு."

"நீ ஓடினது ஒரே வேகம். அதோட வேகம் கூடிக்கிட்டே இருக்கு. உன் வேகத்தை அது எட்டின இடம் இது. இங்க கைக்கு வரலேன்னா அப்புறம் வராது."

மாசிலாமணி மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"ஆரம்பத்துல அவன் குதிச்சிருக்கலாமா?" என்றார் குரு.

"நடக்கிற வேகம்தான், சாமி. குழந்தைகூட இறங்கியிருக்கும்."

"அவன் ஏன் இறங்கல?"

மாசிலாமணி சரிவின் மேலே திரும்பிப் பார்த்தான்.

"நான் கிட்ட வந்துக்கிட்டே இருந்தேன். என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான்."

"குதின்னு நீ கத்தியிருக்கலாமே."

"மௌன நாள். எப்படியும் பிடிச்சிடுவோம், எதுக்கு விரதத்தைக் கெடுக்கணும்னு இருந்துட்டேன். விலகினப்புறம்தான் கத்தினேன்."

அதற்குள் அது குதிக்கக்கூடிய வேகம் இல்லை. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அவங்க அம்மாகிட்ட என்னன்னு சொல்வேன், சாமி?"

"வேகம் பத்தலன்னு சொல்லாதே. கத்தலன்னு சொல்லு. அதுக்கு முன்னாடி, வாயைத் திறக்காதேன்னு சொன்னவன் நான்தான்னு நான் சொல்லிடறேன்."