எண்ணெய் வணிகர் ஓடு மாற்றிய கதை

ஓட்டுக்கு மேலே வானம், ஓட்டுக்குக் கீழே ஒழுகல்! ஒழுகுகிற வீட்டுக்காரர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இது உங்கள் கதை. மற்றவர்களும் கேட்கலாம். உங்கள் வீடும் ஒருநாள் ஒழுகத்தான் போகிறது.

முன்னொரு காலத்தில், பொருநை ஆற்றங்கரையில் ஓர் ஊரில், தாண்டவராயர் என்ற எண்ணெய் வணிகர் இருந்தார். நல்ல மனிதர். எண்ணெயில் ஒரு துளி சிந்த விடமாட்டார். ஆசையை மட்டும் அவருக்கு அடக்கத் தெரியாது.

அவர் வீட்டுச் சமையலறையில் சரியாக அடுப்புக்கு மேலே ஓடு ஒழுகியது. மனைவி உமையாள் போன மழையைப் பொறுத்துக்கொண்டாள். இந்த மழையைப் பொறுக்க முடியாது. மகள் பூரணம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, அடித்த ஆணியைப் பிடுங்கவும் கூடாது. கயிறு கட்டக்கூடாது, கட்டிய கயிற்றை அவிழ்க்கவும் கூடாது. ஆகவே மகள் வாசல்படி மிதிக்கும் முன்னே வேலை முடிந்தாக வேண்டும்.

உமையாள் காசு சேர்த்துவைத்த இரண்டு பானைகளைக் காட்டினாள். "இது கூரைக்கு. அது மருத்துவச்சிக்கும் மருந்துக்கும் தொட்டிலுக்கும். அதுல மட்டும் கை வைக்காதீங்க."

"வைப்பேனா?" என்றார் வணிகர்.

கொத்தனார் இருளப்பர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். "ச்சு, ச்சு, ச்சு" என்று தலையை ஆட்டினார். பிறகு உலகத்துக் கொத்தனார்கள் எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "எவன் அண்ணாச்சி இந்த வீட்டைக் கட்டுனான்?"

கட்டியது இருளப்பரின் சொந்தப் பாட்டனார். அதை யாரும் சொல்லவில்லை, மரியாதை கருதி.

கூரையைப் பிரித்தார்கள். சுவர் கொஞ்சம் சாய்ந்திருப்பது தெரிந்தது. "ச்சு, ச்சு, ச்சு" என்றார் கொத்தனார். "வந்தது வந்தீர், அதையும் பார்த்துவிடும்" என்றார் வணிகர்.

சுவரை இடித்தார்கள். இடித்த இடத்தில் காற்று நன்றாக வந்தது. இங்கே மேல்தளமாக ஒரு மச்சு கட்டினால் எப்படி இருக்கும் என்று வணிகருக்குத் தோன்றியது. "வந்தது வந்தீர், ஒரு மச்சும் போட்டுவிடும்."

மச்சுக்குப் படிக்கட்டு எழும்பியது. படிக்கட்டைப் பார்த்ததும் மேலே நின்று ஆற்றைப் பார்க்க ஒரு சாளரம் வேண்டுமென்று ஆசை வந்தது. "வந்தது வந்தீர்..."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான், போங்கள். கேட்கும்போதெல்லாம் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்தார். முதல் பானை காலியானது. வாக்குத் தவறாத நம் வணிகர், மனைவி கோயிலுக்குப் போன நேரத்தில் இரண்டாம் பானைக்குள் கையை விட்டார்.

இனி கொத்தனாரின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டு அடுத்த வீட்டில் தொடங்குவது நம் ஊர் வழி. இருளப்பர் வழி வேறு. எல்லா வீட்டையும் தொடங்கிவிடுவார். கூரை இல்லாத வீட்டுக்காரர் வேறு கொத்தனாரிடம் போகமாட்டார் அல்லவா? இப்போது ஊர் நாட்டாமையின் மாட்டுக்கொட்டகையையும் பிரித்துப் போட்டுவிட்டு, அங்கே பாதி நாள், இங்கே பாதி நாள், வெற்றிலை போடப் பாதி நாள் என்று திரிந்தார்.

அப்போதுதான் சேதி வந்தது. மறுநாள் மாலை பூரணத்தின் வண்டி வருகிறது. மேற்கே மேகமும் கறுத்துவிட்டது.

உமையாள் ஓடிப்போய் இரண்டாம் பானையைப் பார்த்தாள். அடியில் ஒரு கைப்பிடிக் காசுதான் கிடந்தது. அண்ணாந்தாள், வானம் தெரிந்தது. பிள்ளை பிறக்கப்போகும் வீட்டுக்குக் கூரையும் இல்லை, மருத்துவச்சிக்குக் காசும் இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வணிகர் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு அவள் கொத்தனாரைக் கூப்பிட்டாள்.

"கொத்தனாரே, கூரையை மூடிட்டு இந்தக் காசை வாங்கிக்கிடும். மச்சு வேண்டாம், சாளரம் வேண்டாம். சுவரை அடைச்சாப் போதும்."

"அதெல்லாம் இந்தத் தொழில்ல நடக்காது மதினி" என்று சிரித்தார் இருளப்பர். "காசை முதல்ல குடுங்க. வேலை தானா நடக்கும். அவசரப்பட்டா ஆகுமா?"

"சரி, அவசரமே இல்லை. பிள்ளை பிறந்து, தீட்டுக் கழிஞ்சு, மக புருஷன் வீட்டுக்குப் போன பிறகு செய்யும். நாங்க இங்கேயே முற்றத்துல கீத்துக்கொட்டகை போட்டு இருந்துக்கிடுதோம்."

கொத்தனார் மகிழ்ச்சியோடு, ஏறி நின்று வேலை செய்யச் சுவரோரம் கட்டியிருந்த சாரத்தின் கயிற்றை அவிழ்க்கப் போனார். எதற்கு? அவரிடம் இருந்ததே ஒரே ஏணி, ஒரே கட்டுச் சாரக்கம்பு. நாட்டாமை வீட்டுக்கும் அதுதான் போகவேண்டும்.

"அவிழ்க்க எத்தனை நேரம் ஆகும்?" என்று கேட்டாள் உமையாள்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எடுத்துருவேன்."

"எடுக்க விடமாட்டேனே. என் வீட்டுக் கூரை திறந்து கிடக்கிற வரைக்கும் உம்ம சாரமும் இங்கேதான் நிக்கும். நாளைக்கு மக படியேறிட்டா அப்புறம் ஒரு முடிச்சையும் அவிழ்க்கக்கூடாது. வழக்கம் உமக்குத் தெரியாததா? நாட்டாமை கேட்டா, சாரம் பிள்ளைத்தாய்ச்சி வீட்டுல இருக்குன்னு சொல்லும்."

கொத்தனாருக்கு நாட்டாமையின் மீசை கண்ணுக்கு முன்னே வந்தது. வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். அன்று "ச்சு" என்ற சத்தமே அந்த வீட்டில் கேட்கவில்லை. ஆட்களைக் கூட்டிவந்தார். விடிவதற்குள் சுவரை அடைத்தார்கள், உச்சிப்பொழுதுக்குள் மரம் ஏற்றினார்கள், வெயில் சாய்வதற்குள் ஓடு வேய்ந்தார்கள். உமையாள் சொன்னபடி காசைக் கொடுத்தாள்.

கடைசிச் சாரக்கம்பை இறக்கும்போது, தூணுக்குப் பின்னாலிருந்து வணிகர் மெல்ல வெளியே வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார்.

"வந்தது வந்தீர், இங்கே ஒரு சின்ன விளக்கு மாடம்..."

உமையாள் வாய் திறக்கும் முன்னே, ஏணியிலிருந்து கொத்தனார் இரண்டு கையையும் கூப்பினார். "அண்ணாச்சி! கும்பிடுதேன், உள்ள போங்க!"

பூரணம் படியேறினாள். அன்றிரவே மழை கொட்டியது. அடுப்பில் ஒரு சொட்டும் விழவில்லை. ஆனால் மருத்துவச்சிக்குக் கொடுக்க, தாண்டவராயர் தம் காதுக் கடுக்கன்களைக் கழற்றி விற்றார். பேரப்பிள்ளை வளர்ந்து மடியில் ஏறி, "தாத்தா காதுல ஏன் வெறும் ஓட்டை?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் படிக்கட்டைக் காட்டுவார். அது மேலே எங்கும் போகாமல் பாதியில் நிற்கும்.

ஆகவே மக்களே, வேலையைத் தொடங்கும் முன்பே அது எங்கே முடியும் என்று முடிவு செய்துகொண்டு, முடித்த வேலைக்குக் கூலி கொடுங்கள், முளைத்த ஆசைக்குக் கொடுக்காதீர்கள்.