கோட்டுப் பையில் வளையல்

டாக்டர் ஞானசீலனுக்கு அறுவையில் கை சுத்தம். நாக்குத்தான் கொஞ்சம் தாராளம்.

ஐந்து மாதக் கர்ப்பிணி வடிவுக்குக் குடல்வால் பழுத்து, வெடிக்கிற நிலை. அறுக்கச் சம்மதித்தாள். கைவளையலைக் கழற்ற மட்டும் மாட்டேன் என்றாள். அம்மா வீட்டில் போட்டுவிட்ட கண்ணாடி வளையல். பிரசவம்வரை கழற்றக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நான் பொறுப்பு. இதை என் கையாலயே திருப்பித் தர்றேன்."

சொல்லிவிட்டு அவரே ஒவ்வொன்றாகக் கழற்றினார். காகித உறையில் போட்டுத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் அப்பழுக்கில்லாமல் முடிந்தது. நான்காம் நாள் வலி கண்டது. குழந்தை உயிரில்லாமல் வந்தது.

மறுநாள் காலை, வார்டுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றிருந்தார் ஞானசீலன். அவருக்கு அறுவைத் தொழில் கற்றுத்தரும் டாக்டர் தாட்சாயணி வந்தார். மாணவரைவிட நாலு வயது சின்னவர். முதுகைத் தடவிக்கொடுக்கிற பழக்கம் அந்த அம்மாளுக்குக் கிடையாது.

"மேடம், நான் அறுத்ததாலதான் போச்சா?"

"தெரியாது."

"அறுக்காம விட்டிருந்தா?"

"குடல்வால் வெடிச்சிருக்கும். அவளும் சேர்ந்து போயிருக்கலாம்."

"அப்ப நான் செஞ்சது சரிதானே?"

"அறுத்தது சரி."

மேலே ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்தார் ஞானசீலன். உள்ளேயிருந்து வடிவின் மாமியார் குரல்தான் வந்தது.

"கழட்டாதே, கழட்டாதேன்னு தலையில அடிச்சுக்கிட்டேனே, கேட்டாளா? பிள்ளையை முழுங்கிட்டுக் கல்லு மாதிரி படுத்திருக்கா பாரு!"

ஞானசீலனின் கை தானாகக் கோட்டுப் பைக்குப் போனது.

"கோட்டுப் பையில என்ன?" என்றார் தாட்சாயணி.

ஞானசீலன் பையைக் கையால் பொத்திக்கொண்டார். உள்ளே கண்ணாடி சிணுங்கியது.

"இன்னும் ஏன் குடுக்கல?"

"எந்த முகத்தோட குடுக்கறது மேடம்?"

"கத்தி கனக்காத கைக்கு வளையல் கனக்குதாக்கும்!"

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"அவ கழட்டல மேடம். நான்தான் கழட்டினேன். அறுத்தாலும் குழந்தைக்கு ஆபத்து, அறுக்காட்டி அதைவிட ஆபத்துன்னு சொல்லியிருக்கணும். பயந்து எழுந்து போயிடுவாளோன்னு ஒண்ணும் ஆகாதுன்னுட்டேன். அவமேல ஒரு தப்பும் இல்ல."

தாட்சாயணி வார்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"நல்லா சொன்னீங்க. ஒரு வார்த்தை குறையாம உள்ள போய்ச் சொல்லுங்க."