குழந்தைவேலுவின் பழுப்புக் கண்ணாடி

குன்னூரில் பேக்கரி வைத்திருந்த குழந்தைவேலுவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆசை வந்தது. மலை ஓடையில் டிரவுட் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மண்புழு கோத்துப் பிடிப்பது அல்ல. இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியை, நிஜப் பூச்சி வந்து உட்கார்ந்தது போலத் தண்ணீர்மேல் இறக்கிப் பிடிப்பது.

அவருக்குக் குருவாக அமைந்தவர் எஸ்தர். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். குழந்தைவேலுவைவிட வயதில் மிகவும் இளையவர்.

ஒரு வருடம் போயிற்று. மீன் எதுவும் கிடைக்கவில்லை. வேறொன்றுதான் நடந்தது.

அன்று தண்ணீர்மேல் வெயில் தகடு போலப் படர்ந்திருந்தது. அடியில் பள்ளம் இருப்பது தெரியாமல் குழந்தைவேலு காலை வைத்துவிட்டார். தலைக்கு மேல் தண்ணீர் போய்விட்டது. எஸ்தர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். மூக்குக்கண்ணாடி ஓடையோடு போயிற்று.

இருமிக்கொண்டு கிடந்தவரிடம் எஸ்தர் சொன்னார்: "தண்ணி மேல அடிக்கிற பளபளப்பை வெட்டுற போலரைஸ்டு கண்ணாடி வாங்குங்கண்ணா. உங்க பவரோட. அது இல்லாம இனி தண்ணில இறங்க வேண்டாம்."

அடுத்த வாரம் குழந்தைவேலு வீட்டிலிருந்த பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிக் கடைக்காரர் மாதிரிக்குக் கொடுத்த மூன்று வில்லைகள் கையில் இருந்தன. ஒன்று கருஞ்சாம்பல், ஒன்று பழுப்பு, ஒன்று மஞ்சள்.

"எது நல்லதுங்க டீச்சர்?"

"நீங்க எதை நினைச்சிருக்கீங்க?"

"சாம்பல்தான். நல்லா கருப்பா இருக்கு. கருப்பு வெயிலைத் தடுக்கும்ல?"

எஸ்தர் சாம்பல் வில்லையை வாங்கி, அவருடைய கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார்.

"தண்ணியைப் பாருங்க."

"அட, பளபளப்பே காணோம்."

எஸ்தர் வில்லையைக் கால் வட்டம் திருப்பினார். தண்ணீர்மேல் வெயில் மறுபடி பளீரென்று வந்து நின்றது.

குழந்தைவேலு கண்ணை இடுக்கினார். "கருப்பு அப்படியேதான இருக்கு. வெயில் எப்படித் திரும்பி வந்துச்சு?"

"அப்ப இத்தனை நேரம் தடுத்தது கருப்பு இல்ல. வில்லைக்குள்ள இருக்கிற போலரைஸ்டு படலம்."

குழந்தைவேலு வில்லையைத் தானே வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயில் போயிற்று, வந்தது, போயிற்று. மிட்டாய் கிடைத்த பிள்ளை போல அவர் முகம் மலர்ந்துவிட்டது.

எஸ்தர் அவரைச் சோலைக்குள் கூட்டிப்போனார். அங்கே ஓடை மரங்களுக்கு அடியில், நிழலில் ஓடியது. குழந்தைவேலு வழக்கமாக நின்று பொய்ப்பூச்சி வீசும் இடம் அது.

"இப்ப அதே சாம்பல்ல பாருங்க."

"ஒரே இருட்டுங்க."

"பழுப்புல?"

குழந்தைவேலு வில்லையை மாற்றினார். தண்ணீர்ப் பக்கம் குனிந்தார்.

"கல்லு தெரியுது டீச்சர். அடியில மணல் தெரியுது. ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரியுது." அவர் விரலை நீட்டினார். "அந்தக் கல்லு அசையுது."

"அது கல்லு இல்லண்ணா."

பாறை ஓரம், நீரோட்டத்தை எதிர்த்து, முழங்கை நீளத்துக்கு ஒரு டிரவுட் வாலை மெல்ல ஆட்டியபடி நின்றுகொண்டிருந்தது. குழந்தைவேலு எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது அவருக்கே தெரியவில்லை.

"பழுப்பு போதும் டீச்சர். இன்னைக்கே கடையில சொல்லிடறேன்."

"பூச்சியை நூல்ல எப்படிக் கட்டுவீங்க?"

"எப்பவும் போல, கண்ணாடியைக் கழட்டிட்டு, கிட்டக்க வச்சு."

"நடுத் தண்ணில நின்னுக்கிட்டா? கீழ்ப்பாதியில கிட்டக்க பார்க்கிற பவரும் வைக்கச் சொல்லுங்க."

கண்ணாடி தயாராகி வந்த நாளில், பனி விலகும் முன்பே குழந்தைவேலு எஸ்தரைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கு வந்துவிட்டார். இறங்கியதும் பள்ளத்தைப் பார்த்தார். அது பச்சையாக, ஆழமாக, அவர் கால் வைக்கப்போன இடத்துக்குப் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. எடுத்த காலைப் பின்னால் வைத்தார். பிறகு சுற்றிக்கொண்டு கரையோரமாக நடந்தார்.

பாறை ஓரம் அதே மீன் நின்றது.

கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்த்துப் பூச்சியைக் கட்டினார். நிமிர்ந்து நின்று வீசினார். பூச்சி அழகாகப் போய் இறங்கியது. மீன் பாறைக்கு அடியில் மறைந்துவிட்டது.

காத்திருந்தார். அது வெளியே வந்தது. வீசினார். மறைந்தது.

"இவ்வளவு தெளிவாத் தெரியுது டீச்சர். ஏன் ஓடிப்போகுது?"

எஸ்தர் அவர் தோளில் கை வைத்துக் கீழே அழுத்தினார். குழந்தைவேலு கரையோரச் சேற்றில் மண்டியிட்டார். எஸ்தரும் பக்கத்தில் மண்டியிட்டார். இருவரும் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டார்கள்.

மீன் வெளியே வந்தது.

குழந்தைவேலு தாழ்வாகக் கையை அசைத்தார். பூச்சி இறகு விழுவது போல இறங்கியது. மீன் திரும்பியது. மேலே வந்தது. வாயைத் திறந்ததைக்கூட அவர் பார்த்தார்.

தூண்டில் வளைந்தது. நூல் சுற்றிய சக்கரம் கிறீச்சிட்டது. மீன் ஓடையின் குறுக்கே பாய்ந்தது, கீழே இழுத்தது, ஒரு தடவை நீருக்கு மேலேயே எம்பி விழுந்தது. "நூலை விடுங்க, இப்பச் சுத்துங்க, விடுங்க," என்றார் எஸ்தர். அவர் குரலும் உயர்ந்திருந்தது. கடைசியில் மீன் கைவலைக்குள் வந்தபோது குழந்தைவேலு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

முதுகெல்லாம் கரும்புள்ளி. பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு. குழந்தைவேலு அதைத் தண்ணீருக்குள்ளேயே இரண்டு கையாலும் தாங்கி, தூண்டில்முள்ளைக் கழற்றி, மூச்சு திரும்பும்வரை பிடித்திருந்து, பிறகு நீந்த விட்டார். அது அவசரமில்லாமல் பாறைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா இது பக்கத்துலயே நின்னிருக்கேன். ஒரு தடவைகூட நான் பார்க்கல. இது என்னைப் பார்த்திருக்குமா டீச்சர்?"

"நீங்க வந்த எல்லா நாளும் பார்த்திருக்கும்ண்ணா. இல்லேன்னா இவ்வளவு பெருசா வளர்ந்திருக்குமா?"