காது கிழிந்த சிங்கம்

"சாமி, அந்தச் சிங்கத்தைக் கொல்ல எனக்கு உத்தரவு வேணும்."

கொம்பையா வந்ததும் இதைத்தான் சொன்னார். கும்பிடக்கூட இல்லை.

சுனைச்சாமி பாறைச் சுனையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். குருவானாலும் வயதில் இளையவர். மனைவி போன பிறகு எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்து, சுனைக்குக் கீழே பட்டி போட்டுச் சீடராக உட்கார்ந்தவர் கொம்பையா. அதனால் சாமி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"உட்காருங்க அண்ணே."

கொம்பையா உட்காரவில்லை.

முந்தின நாள் அவருடைய சினை எருமையைச் சிங்கம் அடித்துவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில் கன்று போட்டிருக்கும்.

அந்தக் காட்டில் எருமை மேய்ப்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சிங்கம் அடித்ததை யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் அது இன்னொன்றை அடிக்கும். மனசு ஆறாதவன், சிங்கம் தின்று வைத்த மிச்சத்தில் விஷமான எட்டிக்கொட்டைத் தூளைத் தடவலாம். ஆனால் சாமியிடம் உத்தரவு வாங்க வேண்டும். எந்தச் சிங்கம் என்று அடையாளம் சொல்ல வேண்டும். வேறொன்று செத்தால் பாவம் தடவியவனுக்கு.

"அடையாளம்?" என்று சாமி கேட்டார்.

"கருத்த பிடரி. வலது காது கிழிஞ்சிருக்கும். எருமை வயித்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நின்னதை இந்தக் கண்ணால பார்த்தேன்."

"அடிச்சதைப் பார்த்தீங்களா?"

"வாயெல்லாம் ரத்தம் சாமி. இதுக்கு மேல என்னத்தைப் பார்க்கணும்?"

சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மதியம் மேட்டுப்பாறைக்கு வரச் சொன்னார்.

பாறையிலிருந்து பார்த்தால் புல்வெளி முழுக்கத் தெரியும். அதன் நடுவில் ஒரு மரம். மரத்தடியில் சிங்கங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. காது கிழிந்தது மல்லாந்து, நான்கு காலையும் பரப்பிக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி மூன்று பெண் சிங்கங்கள். அவற்றின் மேல் ஏறி விழுந்துகொண்டு குட்டிகள்.

வெயில் தாழும்வரை ஒன்றும் நடக்கவில்லை.

"இதுக்குப் பேரு ராஜாவாம்," என்றார் கொம்பையா. "எங்க மாமனாரு இப்படித்தான் கெடப்பாரு. சோறு வெந்ததும் எந்திரிச்சு வருவாரு."

மாமனார் செத்து வெகு காலம் ஆகிறது. கொம்பையா அவரையும் இன்னும் விடவில்லை.

வெயில் தணிந்ததும் பெண் சிங்கங்கள் எழுந்தன. எதிரே ஒரு கடமான் மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு சிங்கம் சுற்றிப் போய்ப் புல்லில் பதுங்கியது. ஒன்று மறுபக்கத்திலிருந்து விரட்டியது. மான், பதுங்கியிருந்த சிங்கத்தின் மேலேயே ஓடிவந்தது. அது பாய்ந்து சாய்க்க, மூன்றாவது வந்து குரல்வளையைக் கவ்வி, துடிப்பு அடங்கும்வரை பிடித்துக்கொண்டே படுத்திருந்தது.

அப்புறம்தான் காது கிழிந்தது எழுந்தது. சோம்பல் முறித்தது. மெதுவாக நடந்து வந்து ஒரு உறுமல் உறுமியது. பெண் சிங்கங்கள் முறைத்தபடி விலகி உட்கார்ந்தன. அது மான் வயிற்றில் தலையை விட்டது. தலையைத் தூக்கியபோது வாயெல்லாம் ரத்தம்.

கொம்பையா பாறை விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் நின்னுச்சு," என்றார்.

சாமி பாறையிலிருந்து இறங்கி நடந்தார்.

மறுநாள் காலையில் கொம்பையா மறுபடி வந்தார். இரவெல்லாம் யோசித்தாராம். எருமையை அடித்தது பெண் சிங்கம்தானாம். அதைக் கொல்ல உத்தரவு வேண்டுமாம்.

"அடையாளம்?"

கொம்பையா பார்த்து வந்து சொல்வதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து மிச்சமிருந்த எருமைகளை ஓடையில் இறக்கிவிட்டு, பாறை மேல் போய் உட்கார்ந்துகொள்வார். எருமைகளின் கழுத்துமணிச் சத்தம் பாறைவரை கேட்டுக்கொண்டிருக்கும். மூன்று பெண் சிங்கங்களும் ஒரே நிறம், காய்ந்த புல்லின் நிறம். ஒன்றுக்கும் காது கிழியவில்லை. நேற்று விரட்டியது இன்று பதுங்கியது. நேற்று பதுங்கியது இன்று குரல்வளையைப் பிடித்தது. குட்டியை வைத்துத் தாயைக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தார். குட்டி ஒருத்தியிடம் பால் குடித்தது, அங்கே வற்றியதும் அடுத்தவளிடம் போய் முட்டியது. அவளும் காலைத் தூக்கி இடம் கொடுத்தாள்.

கொம்பையாவுக்கு எரிச்சலாக வந்தது. எந்தப் பிள்ளை யார் பிள்ளை என்று தெரியாத குடும்பம் என்று சாமியிடம் வந்து திட்டினார்.

சாமி சிரித்தார். அன்று சாயங்காலம் தானும் வருவதாகச் சொன்னார்.

இருவரும் பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் சிங்கம் புள்ளிமான் கூட்டத்தை நோக்கி வயிறு தரையில் உரச ஊர்ந்து போய்ப் பாய்ந்தது. கை எட்டும் தூரத்தில் மான் தப்பிவிட்டது. சிங்கம் இரைக்க இரைக்க நின்றது. அப்புறம் படுத்துப் பாதத்தை நக்கியது. கொஞ்ச நேரத்தில் மான்கள் அது பார்த்திருக்கவே மேய ஆரம்பித்தன.

"தப்பிச்ச மான் மேல அதுக்கு வன்மம் இருக்காதா சாமி?"

"அதுக்குப் பசி இருக்கு அண்ணே."

கொம்பையா தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்ட ஆட்டல் இல்லை. காது கிழிந்தது வழக்கம்போல மரத்தடியில் கிடந்தது. அவர் பார்வை அதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

பிறகு மெதுவாகச் சொன்னார். பெண் சிங்கங்களில் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அடித்தது எதுவானாலும் முதலில் தின்றது இவன்தான். வயிற்றிலிருந்த கன்றையும் இவன்தான் தின்றான். இவனுக்கு அடையாளமும் இருக்கிறது. இவனையே கொன்றுவிடலாம். அந்தக் கருத்த பிடரியைப் பற்றிச் சொன்னார். காதில் கிழிசல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சொன்னார். மூக்கில் ஈ உட்கார்ந்தால் எந்தப் பக்கம் தலையைத் திருப்பும் என்பதைக்கூடச் சொன்னார். சொல்லச் சொல்ல வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

சாமி முழுவதையும் கேட்டார்.

"சரி அண்ணே. உத்தரவு தர்றேன்."

கொம்பையா அப்போதும் கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றார் சாமி. "மத்த மூணும் எங்கே?"

கொம்பையா புல்வெளி முழுக்கத் தேடினார். மரத்தடியில் காது கிழிந்தது மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

ஓடைப் பக்கம் எருமைகளின் கழுத்துமணிச் சத்தம் நின்றுபோயிருந்தது.