கரண்டிக்குறிச்சியில் லேப்டாப் கொதித்த கதை

அறிவைப் பங்கு போட்ட அன்றைக்குக் கரண்டிக்குறிச்சிக்காரர்கள் மொத்தமாகப் பந்தி பரிமாறப் போயிருந்தார்கள் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் வைத்த சாம்பாரை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான். நடந்ததை மட்டும் சொல்கிறேன், மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் உலகநாதன் மாஸ்டர் என்று ஒரு கல்யாணச் சமையல்காரர். அவரிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். அடுப்புக்குத் தவசி, பந்திக்கு மூக்கையா, காய் நறுக்கப் பேச்சியம்மா. நாலு பேரும் தொழிலில் புலிகள். கரண்டியைக் கீழே வைத்தால்தான் தொல்லை.

மாஸ்டருக்கு ஒரே ஓர் ஆசை. சாவதற்குள் ஓர் ஆயிரம் இலைக் கல்யாணம் சமைத்துவிட வேண்டும். முப்பது வருஷமாகக் காதுகுத்தும் வளைகாப்புமாகவே போய்விட்டது. இருநூறு இலையைத் தாண்டியதில்லை. பாவம், அதை நினைத்தால் மனுஷருக்குக் கண் கலங்கிவிடும். வெங்காயம் நறுக்காத நாளில்கூட.

அப்படிப்பட்டவருக்குச் சிங்கப்பூரிலிருந்து தணிகாசலம் என்பவர் போன் செய்தார். மகள் கல்யாணமாம். ஆயிரம் இலையாம். "இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு லேப்டாப்புல வாங்க மாஸ்டர். முகம் பார்த்துப் பேசி முடிவு பண்ணிடுவோம். நாலரைக்கு இன்னொரு சமையல்காரர் வர்றாரு" என்று சொல்லிவிட்டார்.

மாஸ்டரிடம் லேப்டாப் இருந்தது. மெனு அடிக்கச் சொல்லி மருமகன் கொடுத்துவிட்டுப் போனது. காலையில் அதைத் திறந்து வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து 'உய்ய்ய்' என்று ஒரு சத்தம். அடியில் கை வைத்த தவசி, தோசைக்கல்லைத் தொட்டவன் மாதிரி கையை உதறினான்.

"கொதிக்குது மாஸ்டர்" என்றான் மூக்கையா.

"உள்ள என்னடா இருக்கு, கொதிக்கிறதுக்கு?"

"மூடியைத் திறந்து பார்த்தாத்தானே தெரியும்."

"திறந்துதானே வச்சிருக்கு!"

மூக்கையா நன்றாகக் குனிந்து பார்த்தான். "ஒண்ணும் இல்லை மாஸ்டர். கொதிச்சு வத்திப் போச்சு."

டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெயபாலுக்கு மாஸ்டர் போன் போட்டார். கடையில் தான் ஒற்றை ஆள், வர முடியாது, சொல்கிறபடி செய்தால் சரியாகிவிடும் என்றான் அவன். சொல்கிறபடி செய்வதில் கரண்டிக்குறிச்சிக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

"இப்ப அதை எதுமேல வச்சிருக்கீங்க?"

"நாலா மடிச்ச போர்வை மேல தம்பி." சூடான பாத்திரத்தைத் துணி மேல் இறக்கி வைப்பதுதான் அவர்கள் பழக்கம்.

"அது கூடாதுங்க. கெட்டியா, சமமா இருக்கணும். அடியில காத்து நல்லாப் போய்வரணும்."

நாலு பேரும் யோசித்தார்கள். கெட்டியாக, சமமாக, அடியில் காற்றுப் போய்வருகிற மாதிரி அந்த வீட்டில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. கொல்லையில் மூன்று கல் வைத்த அடுப்பு. லேப்டாப்பைத் தூக்கி அதன் மேல் வைத்தார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் சூடு இரண்டு மடங்கு. புகை வேறு.

"சொன்னபடிதானே வச்சோம்?" என்று மாஸ்டர் திகைத்தார். அப்புறம் குனிந்து பார்த்தார். அடுப்புக்குள் இரண்டு விறகு கனன்றுகொண்டிருந்தது.

"யாரு பார்த்த வேலை இது?"

"நான்தான் மாஸ்டர்" என்றாள் பேச்சியம்மா. "அடுப்பு மேல ஒண்ணை வச்சிட்டு அடியில நெருப்பு இல்லாம இருந்தா எனக்குக் கை பதறுது. சின்ன விறகாத்தான் வச்சேன்."

லேப்டாப்பை இறக்கி, கரியைத் துடைத்து, மறுபடியும் ஜெயபாலைக் கூப்பிட்டார்கள். "தூசி அடைச்சிருக்கும். ஓரத்துல ஓட்டை ஓட்டையா இருக்குல்ல, அதுல ஊதி விடுங்க. தூசி போனா சூடு குறையும்" என்றான்.

தவசி ஊதுகுழலை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தான். "மாஸ்டர், எனக்கு மனசு ஒப்பலை. இருபது வருஷமா அடுப்பு ஊதறேன். ஊதினா நெருப்பு பத்தும். எந்த ஊர்ல ஊதினா சூடு குறையும்?"

மாஸ்டரே ஆமோதித்துத் தலையாட்டினார். கேள்வி அப்படிப்பட்ட கேள்வி.

மூக்கையா லேப்டாப்பின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டான். ஓட்டை முன்னால் கையை நீட்டினான். முகம் மாறியது. "மாஸ்டர், உள்ள ஏற்கெனவே என்னமோ ஊதிக்கிட்டு இருக்கு! காத்து சுடச்சுட வருது!"

"அப்ப அதான் சூட்டுக்குக் காரணம்" என்றார் மாஸ்டர். "விடாம ஊதினா எந்த அடுப்புதான் எரியாது?"

உள்ளே இருந்தது ஃபேன். லேப்டாப்பின் சூட்டைத் தணிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அதுதான். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி ஓட்டை வழியாகச் செருகினான் தவசி. 'டக்' என்றது. சத்தம் நின்றது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பூரித்துப் போனார்கள்.

ஐந்து நிமிஷத்தில் லேப்டாப் தானாக அணைந்துவிட்டது. நல்ல சகுனத்துக்கு விசைப்பலகை ஓரத்தில் மாஸ்டர் வைத்திருந்த சின்ன மெழுகுப் பிள்ளையார் சப்பணம் போட்ட நிலையிலேயே உருகிப்போனார்.

விஷயத்தைக் கேட்ட ஜெயபால் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது. "குச்சியை எடுங்க முதல்ல! அந்த ஃபேன் ஓடணும்! ஆறினதும் திரும்பப் போடுங்க. போட்டுட்டு, திறந்து கிடக்கிறதையெல்லாம் மூடுங்க. தேவையானது ஒண்ணே ஒண்ணு திறந்திருந்தாப் போதும்." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் எடுக்கவே இல்லை.

திறந்து கிடப்பதற்கா அந்த வீட்டில் பஞ்சம்? வாசல் கதவு, கொல்லைக் கதவு, ஜன்னல்கள், அண்டா, குண்டா, அஞ்சறைப்பெட்டி எல்லாவற்றையும் மூடினார்கள். தெருமுனை டீக்கடையைக்கூட மூடச் சொல்லிப் பேச்சியம்மா போனாள். டீக்கடைக்காரரும் கரண்டிக்குறிச்சிக்காரர்தான். மறுபேச்சில்லாமல் மூடிவிட்டார்.

"தேவையான ஒண்ணு திறந்திருக்கலாமாம். எதைத் திறந்து வைக்கிறது?" என்றான் தவசி.

"கண்ணு" என்றார் மாஸ்டர். "சிங்கப்பூர்க்காரரைப் பார்க்கணுமே."

"கண்ணு ரெண்டு ஆச்சே மாஸ்டர்?"

மாஸ்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

நாலு மணி. எல்லாம் சாத்திய வீட்டுக்குள் வெந்து வியர்த்து, ஆளுக்கொரு கண்ணுடன் நாலு பேர் மேசை முன்னால் நின்றார்கள். லேப்டாப் உய்ய்ய் என்று அலறிக்கொண்டிருந்தது. மூக்கையா பச்சைப் பொத்தானை அமுக்கினான். திரையில் தணிகாசலம் வந்தார்.

"வணக்கம் மாஸ்டர். எல்லாருக்கும் கண்ணுல என்ன? கண்வலியா?"

"தேவையானதை மட்டும் திறந்திருக்கோம் ஐயா."

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, சிக்கனமான ஆட்கள் என்று தலையாட்டினார். "பின்னாடி என்ன சத்தம்?"

"கொதிக்குதுங்க" என்றான் மூக்கையா.

"அடடே, சமையல் நடக்குதா?"

நடந்து முடிந்திருந்தது. முகத்தை மட்டும் காட்டினால் போதுமா, கைப்பக்குவத்தைக் காட்ட வேண்டாமா என்று மாஸ்டர் ஒரு விருந்தே சமைத்து மேசையோரம் அடுக்கியிருந்தார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டினார். முருங்கைக்காய் சாம்பாரில் ஆவி பறந்தது. தணிகாசலத்துக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது. ஊரை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆயிற்றாம்.

"ஆகா! மாஸ்டர், எனக்கும் ஒரு கரண்டி ஊத்துங்க!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

ஆயிரம் இலைக்காரர் வாய் திறந்து கேட்டுவிட்டார். மாஸ்டருக்கு மெய் சிலிர்த்தது. "மூக்கையா, இலையைப் போடு!"

விசைப்பலகையின் மேல் நுனி இலை விழுந்தது. மூக்கையா தண்ணீர் தெளித்தான். உப்பு, ஊறுகாய், அவரைக்காய்ப் பொரியல் முறைப்படி வந்தன.

"ஹலோ, என்ன பண்றீங்க?" என்றார் தணிகாசலம்.

"கூச்சப்படாம சாப்பிடுங்க ஐயா" என்று சொல்லிச் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, நிறைய ஊற்றினார் மாஸ்டர். ஒரு கரண்டி என்று கேட்டவருக்கு ஒரே கரண்டி வைப்பது மரியாதை இல்லை என்பதால் மூன்று. சாம்பார் குழியை உடைத்துக்கொண்டு இலையோரமாக இறங்கியது.

'உய்ய்ய்' என்ற சத்தம் 'உர்ர்ர்' ஆனது. பிறகு 'புஸ்' என்றது. பிறகு ஒன்றும் இல்லை. திரை கருத்துப் போனது.

தவசி அடியில் கை வைத்துப் பார்த்தான். மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. "மாஸ்டர், சூடும் இறங்குது, சத்தமும் போச்சு! நம்ம சாம்பார்தான் மருந்து! இது தெரியாம அந்த ஜெயபால் கடை வேற வச்சிருக்கான்!"

அவர்கள் கொண்டாடி முடிப்பதற்குள், கீல் தளர்ந்திருந்த லேப்டாப் மூடி மெதுவாகச் சரிந்து, சோறு கறியோடு மடங்கிக்கொண்டது.

"ஐயோ, இலையை மடிச்சிட்டாரு!" என்றாள் பேச்சியம்மா.

மாஸ்டர் கரண்டியைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். கல்யாண வீட்டில் சாப்பிட்டவர் இலையைத் தன் பக்கமாக மடித்தால் திருப்தி. எதிர்ப்பக்கமாக மடித்தால் தொலைந்தது.

"நம்ம பக்கமாத்தானே மடிஞ்சிருக்கு?" என்றான் தவசி.

"நம்ம பக்கமா இருந்து என்ன பிரயோஜனம்? சாப்பிட்டது அவரு. அவரு பக்கத்துலேர்ந்து பாருடா."

மூக்கையா மேசையைச் சுற்றிக்கொண்டு போய், லேப்டாப்பின் பின்னால் நின்று, சிங்கப்பூரிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். தலை கவிழ்ந்திருந்தது. "எதிர்ப்பக்கமா மடிச்சிருக்காரு மாஸ்டர்."

ஆயிரம் இலையும் கண் முன்னால் காற்றில் பறந்தது. மாஸ்டர் மூடியிருந்த கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது.

"மாஸ்டர், தணிகாசலம் பேசறேன். சட்டுனு கட் ஆயிடுச்சே. அங்க என்ன நடக்குது?"

"ஐயா, எழுந்திரிச்சிடாதீங்க!" என்று கதறினார் மாஸ்டர். "கையைக் கழுவிடாதீங்க! தப்பு எங்க மேலதான். பாயசம் வர்றதுக்குள்ள இலையை மடிக்க விட்டுட்டோம். அப்படியே உட்காருங்க, இதோ வருது!"

தவசி லேப்டாப்பைத் திறந்து பிடித்துக்கொண்டான். பேச்சியம்மா வாளியோடு ஓடி வந்தாள்.

"மாஸ்டர், அப்பளத்தை நொறுக்கிப் போடட்டுமா, தனியா வைக்கட்டுமான்னு ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றான் மூக்கையா.