துண்டுக்குள் நெரித்த விலை

வாலை ஆட்டினால் சந்தையில் பாதிப் பேருக்குக் காற்று வரும், அப்பேர்ப்பட்ட காளை. அதில் பாதி திருவேங்கடம் முதலாளிக்கு, பாதி வளர்த்த சடையனுக்கு. காளை போனால் சடையனுக்கு உழவும் இல்லை, சோறும் இல்லை. முதலாளியோ சில்லறையை வீசி அவனைக் கழற்றிவிடத் துடித்தார்.

தரகர் மீரான் பாய் விடிந்ததிலிருந்து இருவருக்கும் நடுவே அலைந்து சமாதானம் பேசினார். யாரும் மசியவில்லை.

"இனி துண்டு போட்டுத் தீர்ப்புதான். துண்டுக்குள்ள என் விரலை நெரிச்சு விலை சொல்லணும், ஒரு விரலுக்கு நூறு ரூபா. துண்டை எடுத்தப்புறம் பேச்சு மாறக்கூடாது, சம்மதமா?"

இருவரும் தலையாட்டினார்கள்.

"முதலாளியே விலை வைக்கட்டும், பாய். அந்த விலைக்கு வாங்குறதா, விடுறதான்னு நான் சொல்றேன்" என்றான் சடையன்.

'காலணா இல்லாத பயல் எதை வாங்கப்போறான்!' என்று எண்ணிய முதலாளி, ஆயிரம் பெறும் காளைக்குத் துண்டுக்குள் பாயின் இரண்டே விரலை நெரித்தார்.

துண்டை எடுத்த பாய், "முழுக்காளை இருநூறு ரூபாய்!" என்று அறிவித்தார்.

"அப்ப பாதி நூறு. நானே வாங்கிக்கிறேன். யாராச்சும் நூறு ரூபா கடன் தர்றீங்களா?"

அந்தக் காளையை நம்பி ஐம்பது கைகள் நோட்டோடு நீண்டன.

முதலாளி பாயின் கையைப் பிடித்தார். "பாய், மறுபடி பேசுவோமே!"

"பேசுற நேரத்துல நீங்க பேசலையே முதலாளி. கயிறைக் குடுங்க."